தறிக்காரர் வீட்டுக் குரல்

என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பொய் சொல்கிறவர்கள். போன் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை என்பார்கள். பின்மூடியைத் திறந்தால் ஒரு குவளை பிடிக்கலாம். கீழே போடவே இல்லை என்பார்கள். கண்ணாடி அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கும். செல்போன் பழுது பார்க்கிற தொழிலில் இருந்து இருந்து எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடிவந்துவிட்டது. அதனால் எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிவந்து கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது, வழக்கம்போல எரிந்து விழுந்தேன்.

"ணா, ஒடஞ்ச போன் எதுனா கீதா?" என்றாள் முன்னால் நின்றவள். யுவஸ்ரீ. ஐந்தாம் வகுப்பு. இரட்டைப் பின்னலும் இடுப்பில் கையுமாக, வாடகை கேட்க வந்த வீட்டுக்காரி மாதிரி நின்றாள்.

"ஒடஞ்சத வெச்சிகினு இன்னா பண்ணப் போற? போ, வெய்யில்ல நிக்காத."

"மூஞ்சி ஒடஞ்சிருந்தா பரவால்லணா. காது மட்டும் நல்லா இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். விஷயம் இதுதான். அவர்களுடைய அனுசுயா டீச்சர் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, வகுப்பே சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறார். ஆனால் எல்லாவற்றையும் நீங்களேதான் செய்யவேண்டும், நான் நடுவில் வரமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். பேர் வைத்தாகிவிட்டதாம்: 'மலையடி ரேடியோ'. போன்தான் இல்லையாம்.

"பாட்காஸ்ட்னா இன்னான்னு மொதல்ல தெரியுமா உனக்கு?" என்று மடக்கினேன். எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும்.

"ரேடியோ மாதிரிணா. ஆனா கேக்கறவங்களுக்கு எப்ப நேரம் கீதோ அப்ப கேக்கலாம். நடுவுல நிறுத்தலாம். புரியலன்னா திரும்ப கேக்கலாம். கிளாஸ்ல டீச்சர அப்டி பண்ண முடியுமா?"

மேசை இழுப்பறையைத் திறந்தேன். சொந்தக்காரர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத போன் ஒன்று கிடந்தது. முகமெல்லாம் சிலந்திவலை, காது, அதாவது மைக், சுத்தம். அவளுக்குப் பக்கத்தில் நின்ற காலேப் அதை வாங்கினான். ஒல்லியான பையன், அதிகம் பேசமாட்டான். கடைக்குள்ளேயே எதையோ பதிவு செய்து காதில் வைத்துக் கேட்டுத் தலையாட்டினான்.

"தேங்ஸ்ணா!" என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், என் கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அது மோனிஷா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற தறித் தெருவில் விசைத்தறி ஓட்டுகிற வெங்கடேசனின் மகள். அந்தத் தெருவில் வீடும் தறிக்கொட்டகையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவளுக்கு அதுதான் சாதாரணப் பேச்சு. கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் கேட்டதில்லை, கேட்கிற தைரியமும் இல்லை.

மறுநாளே யுவஸ்ரீ வந்து, பதிவில் விழுகிறது என்று என் கடைப் பாட்டை நிறுத்தச் சொன்னாள். பாட்டு இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. சண்டை போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. பாட்டை நிறுத்தினேன், பஸ்ஸை யார் நிறுத்துவது? ஆர்.கே.பேட்டை பஸ் ஒன்று போனால் பள்ளிப்பட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வரும். பெரியவர்களாக இருந்தால் சத்தத்தைத் திட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, திட்டத்தைக் கைவிட்டிருப்போம். இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முழுக்க மூலைக்கு மூலை போய் நின்று கைதட்டிப் பதிவு செய்தார்கள். காலேப் ஒவ்வொரு கைதட்டலையும் கேட்டு, இது எதிரொலிக்கிறது, இது கிணற்றுக்குள் மாதிரி இருக்கிறது என்று தள்ளிக்கொண்டே வந்தான். கடைசியில் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் அறையில் கைதட்டினால் சத்தம் தட்டின இடத்திலேயே அடங்கிப்போவதைக் கண்டுபிடித்தான். மூட்டைகள் எதிரொலியைத் தின்றுவிடுகின்றன. சினிமாக்காரர்கள் சுவருக்குப் பஞ்சு ஒட்டுவதும் இதற்குத்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சமையல் முடிந்த பிறகு அந்த அறைக்குள் மின்விசிறி இல்லாமல் வியர்த்து வழிய உட்கார்ந்து பேசுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வந்து இணைய இணைப்பு வாங்கி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார்கள். அப்படித்தான் எல்லாவற்றையும் முதலில் கேட்கிறவனாக நான் ஆனேன். முதல் வாரம் மலைமேல் கோயிலில் மொட்டை அடிக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்து பேட்டி எடுத்திருந்தார்கள்.

"அழற கொழந்தைக்கு மொட்ட போடறப்போ நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டது யுவஸ்ரீயின் குரல்.

"நானும் கூட சேந்து அழுவேம்மா. இது இன்னாடா, இந்தாளு அழறானேன்னு அது நிறுத்திடும்" என்றார் அவர்.

நான் வேலையை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை கேட்டேன். அந்தக் கேள்வியை எழுதியவள் மோனிஷா. கேள்விகளெல்லாம் அவளுடையவைதான். பேசத்தான் விடவில்லை. அவள் வாயைத் திறந்தால் போனில் சத்தம் காட்டுகிற பச்சைக் கோடு சிவப்பாக எகிறி, பதிவு கரகரவென்று கிழிந்துபோகும். அறை வாசலில் நிற்கவைத்துப் பார்த்தார்கள், அப்போதும் கிழிந்தது.

ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வாராவாரம் சீட்டுக் குலுக்கி, வந்த பேர் யாரோ அவர்தான் அந்த வாரம் நடத்தவேண்டும். ஒரு வாரம் மோனிஷாவின் சீட்டு வந்தது. வேறு சீட்டு எடுக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சட்டசபையில்கூட இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

யுவஸ்ரீ அவளுக்குப் பயிற்சி கொடுத்தாள். பக்கத்தில் தூளியில் தம்பிப் பாப்பா தூங்குகிறதாக நினைத்துக்கொள், அது எழுந்துவிடாமல் பேசு என்றாள். மோனிஷா தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, கை அதிராமல் பேசிப் பேசிப் பார்த்தாள். கடைசியில் வந்தது. பச்சைக் கோடு பச்சையாகவே நின்றது. மெல்லிசான, தேன் மாதிரிக் குரல். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ! எல்லாரும் கைதட்டினார்கள். அனுசுயா டீச்சர் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை அதைக் கேட்டு நானும் மெச்சினேன்.

அவள் மெனக்கெட்டதெல்லாம் ஒரே ஒருவருக்காக. ஒவ்வொரு வாரமும் வெங்கடேசன் கேட்டுவிட்டு, "உன் கொரல் எப்ப வரும் மோனி?" என்பாராம். இந்த வாரம் நான் வருகிறேன் நைனா என்று சொல்லியிருந்தாள். அவர் கொட்டகை முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் தறிக்கு இடைவேளை விட்டபோது அப்பாவும் மகளும் டீக்கடைக்கு வந்தார்கள். வெங்கடேசன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார். மோனிஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கேட்டு முடித்துவிட்டு அவர் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா முருகவேலு, எம்பொண்ணு வர்ல போலக்கீதே?"

"இப்ப கேட்டியே, அதான்யா உன் பொண்ணு!"

"அட போயா. எம்பொண்ணு கொரலு எனக்குத் தெரியாதா? இது யாரோ ஆபீசர் வூட்டுப் பொண்ணு மாதிரி பேசுது. பேரு மட்டும் மோனிஷான்னு சொல்லுது. கிளாஸ்ல ரெண்டு மோனிஷா கீறாங்களா?"

கிண்டல் இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே ஏமாந்துபோய் நின்றார். மகளின் தலையைத் தடவி, "வுடும்மா, அடுத்த வாட்டி உன்ன வுடுவாங்க" என்று வேறு சொன்னார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யோசித்தால் அவரை என்ன சொல்வது? அந்த வீட்டில் மெதுவாகப் பேச ஒரு வேளை இருந்ததில்லை. தறி நின்ற நேரத்திலும் அவர்கள் உரக்கத்தான் பேசுவார்கள். காது அதற்கே பழகிவிட்டது. தன் மகளின் மெல்லிய குரலை அந்த அப்பன் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை.

அவர் தறிக்குப் போன பிறகு, "நான்தான்னு ஒரு வார்த்த சொல்றது தான மோனி?" என்றேன்.

"சொல்லி இன்னாணா. அவுருக்குத் தெரியலியே" என்றாள்.

அதையும் மெதுவாகச் சொன்னாள். டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவள் பேச்சே குறைந்துவிட்டது. கேள்வி மட்டும் எழுதித் தருகிறேன், இனிமேல் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். யுவஸ்ரீயும் காலேபும் என் கடை முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"அவ்ளோ அழகா பேசுனா. அவங்க நைனாவுக்குத் தெரியலன்னா நாம இன்னா பண்றது?" என்றாள் யுவஸ்ரீ.

"தப்பு நம்புளுதுதான்" என்றான் காலேப். "போனு சின்னது. அதுக்கு ஏத்த மாதிரி அவள சின்னதா ஆக்கிட்டோம். போனத் தள்ளி எடுத்துனு போயிருக்கணும்."

அவன் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. இவ்வளவு பெரிய மனிதன், ஒரு நாளைக்கு எத்தனையோ போனைப் பிரித்து மாட்டுகிறவன், எனக்கு இது தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே மைதானத்தில் சோதனை நடந்தது. மோனிஷா வரமாட்டேன் என்றவளை யுவஸ்ரீ கையைப் பிடித்து இழுத்து வந்து மதில் ஓரம் நிறுத்தினாள்.

"வூட்ல பேசற மாதிரி பேசு" என்றாள்.

"இன்னா பேசறது?"

"எங்கள திட்டு!"

மோனிஷா திட்டினாள். மனதில் இருந்ததெல்லாம் வந்தது. தூளி, பாப்பா, கடலை மிட்டாய் ஒன்றையும் விடவில்லை. காலேப் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தான். சிவப்பு, சிவப்பு, இன்னும் சிவப்பு. கொடிக்கம்பத்தைத் தாண்டியதும் பச்சைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பதிவைப் போட்டுக் கேட்டார்கள். ஹாரனுக்கு மேலே அவள் குரல் கணீரென்று நின்றது. அடுத்த பஸ் வந்தபோது அதே இடத்தில் யுவஸ்ரீ நின்று தொண்டை கிழியக் கத்தினாள். பதிவில் பஸ்தான் இருந்தது, யுவஸ்ரீ இல்லை.

யுவஸ்ரீக்குத் தோல்வி பிடிக்காது. ஆனால் தலைவி என்றால் அவள்தான் தலைவி. "ஆடிக் கிருத்திகைக்கு யார் பேசப்போறதுன்னு தெரிஞ்சிபோச்சு" என்றாள். திருவிழாவைப் பற்றி ஒரு பாகம் செய்ய அவர்களுக்கு முதலிலிருந்தே ஆசை. அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பதிவாகாது என்று விட்டுவிட்டிருந்தார்கள்.

மோனிஷா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த வாட்டியும் நைனாவுக்குத் தெரியலன்னா?" என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு நிபந்தனை போட்டாள். தொடக்கத்தில் தன் பேரைச் சொல்லக்கூடாது. வீட்டிலும் யாரும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. அவருக்குத் தானாகத் தெரிந்தால் தெரியட்டும்.

ஆடிக் கிருத்திகை அன்று அனுசுயா டீச்சரும் நானும் காவலுக்குப் போனோம். மலையடிவாரத்தில் குளத்துப் பக்கம் எள் போட்டால் எள் விழாது. பம்பை ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், அரோகரா ஒரு பக்கம், காணாமல்போனவர்களைக் கூப்பிடுகிற ஒலிபெருக்கி ஒரு பக்கம். என் காதுக்கு என் குரலே எட்டவில்லை. காலேபின் அம்மா ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். கூட்டத்தில் தொலைந்துவிடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் கைக்குட்டையை நாலாக மடித்துப் போனின் காதைக் கட்டி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மோனிஷா பேச ஆரம்பித்தாள். பம்பைக்காரரே ஒரு கணம் தாளம் தப்பினார். அவளுக்கு அந்தச் சத்தம் ஒரு சத்தமே இல்லை. வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தாள். புஷ்பக் காவடி தூக்கிவந்த ஒருவரை நிறுத்தி, "காவடி தூக்கிகினு இருக்கறப்போ மூக்கு அரிச்சா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவர் குலுங்கிச் சிரித்ததில் காவடியிலிருந்து பூ உதிர்ந்தது. "பின்னாடி எம்மச்சான் எதுக்கு வர்றான்? சொறியத்தான்!" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் தெலுங்கிலேயே பேச்சுக் கொடுத்தாள். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு தன் வேண்டுதலைச் சொன்னார். அவர் முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். எங்கே கத்தவேண்டும், எங்கே காத்திருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தை ஒதுக்கித் திணறிக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர், "பாப்பா, அப்டியே கொஞ்சம் வழி வுடச் சொல்லும்மா" என்றார். மோனிஷா சொன்னாள். கூட்டம் விலகியது. நான் வேண்டாத சாமியில்லை. அன்று அந்தச் சின்னப் பெண்ணைத்தான் கும்பிடத் தோன்றியது.

அந்த வார வெள்ளிக்கிழமை, குழுவுக்கு அனுப்புவதற்கு முன்னால், தறிக்கொட்டகைக்குப் போனோம். பொழுது போகாமல் தறி ஓட்ட முடியாது என்று அங்கே சுவரில் ஒரு பெரிய பாட்டுப் பெட்டி மாட்டியிருப்பார்கள். அதைப் பழுது பார்க்கிறவன் நான்தான். எதையோ சரிபார்க்கிறவன் மாதிரி உள்ளே போய்ப் பெட்டிக்குக் கீழே நின்றேன். பிள்ளைகள் மூன்று பேரும் என் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வெங்கடேசன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். மோனிஷா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

போனைப் பெட்டியோடு இணைத்துப் பதிவைப் போட்டேன். முதலில் யுவஸ்ரீயின் முன்னுரை. தறிகளின் தடதடப்பில் ஒரு முணுமுணுப்புகூடத் தேறவில்லை. வெங்கடேசன் திரும்பவில்லை. யுவஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வழி வுடுங்க! காவடி வருது, வழி வுடுங்க!"

வெங்கடேசன் இழையைக் கையில் பிடித்தபடியே சட்டென்று வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

"இன்னா மோனி? யாரு வர்றாங்க?" என்று கத்தினார்.

வாசலில் யாரும் இல்லை. அவர் தேடினார். பெட்டிக்குக் கீழே நின்ற மகளைப் பார்த்தார். தறிக்காரர்கள் பாதியைக் காதாலும் பாதியை எதிராளியின் உதட்டாலும் கேட்கிறவர்கள். அவர் கண் நேராக அவள் வாய்க்குப் போயிற்று. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். குரல் மட்டும் கொட்டகை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, மூக்கு அரித்தால் என்ன செய்வீர்கள் என்று.

"வாய மூடிகினு எப்டிம்மா பேசற?" என்றார்.

மோனிஷா பெட்டியைக் கை காட்டினாள். அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். "நீயா?" என்று அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் தலையாட்டினாள். என் சட்டையை விட்டுவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

வெங்கடேசன் இழையைப் போட்டுவிட்டு, பக்கத்துத் தறியில் நின்ற சாமிநாதனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எம்பொண்ணுடா! சாமிநாதா, அது எம்பொண்ணு!"

சாமிநாதன் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"தெரியுதுய்யா! நீ கொஞ்சம் கத்தாம இரு, அது இன்னா சொல்லுதுன்னு கேக்கறேன்!"